கூப்பிடாத நாளில் வைத்த தாம்பாளம்

கல்யாணமான புதிதில் மற்ற பெண்களை அவரவர் வீட்டுக்காரர்கள் லோனாவளாவுக்கும் மகாபலேஷ்வருக்கும் கூட்டிக்கொண்டு போனார்கள். என் வீட்டுக்காரர் என்னைப் பேய் வீடு பார்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அதுவும் பட்டப்பகலில், ஸ்கூட்டரில், டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதத்தோடு.

"ராத்திரிதானேங்க பேய் வரும்?" என்று முதல் தடவை கேட்டேன்.

"ஏன், அதுக்கு நைட் ஷிஃப்ட் மட்டும்தானா?" என்றார்.

இருட்டில் மனுஷனுக்குக் கண்ணும் சரியில்லை, புத்தியும் சரியில்லை, அந்த நேரத்துச் சாட்சியம் செல்லாது என்பது அவருடைய கட்சி. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. எனக்குப் பேயைவிடப் பல்லியிடம்தான் பயம் அதிகம், பல்லி பகலில் அவ்வளவாக நடமாடாது.

அவருடைய அப்பா குடியாத்தத்திலிருந்து புனேவுக்கு வேலை தேடி வந்து, ராணுவத்துக்குக் குண்டு செய்கிற தொழிற்சாலையில் சேர்ந்தவர். இவரும் அதே தொழிற்சாலையில் ஆய்வுப் பிரிவில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றார். வேலை என்னவென்றால், செய்து வருகிற உருப்படிகளின் துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்குக் கேஜ் என்று இரண்டு அளவுக் கட்டைகள் வைத்திருப்பார்கள். ஒன்று துளைக்குள் போக வேண்டும். மற்றொன்று போகவே கூடாது. முதல் கேஜ் போய்விட்டது என்று குதிக்கிறவன் பாதி வேலைதான் செய்திருக்கிறான், இரண்டாவது போகவில்லை என்று பார்த்த பிறகுதான் அது பாஸ் என்பார். கல்யாணமான முதல் வாரத்திலேயே எனக்கு இதை விளக்கினார். புதுப்பெண்ணிடம் பேச அவருக்கு வேறு விஷயம் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

பேய்க்கும் அவர் அதே இரண்டு கேஜைத்தான் வைத்தார். பேய் வருகிறது என்று சொல்லும் இடத்தில் ஏதாவது நடக்கிறதா? சரி, நடக்கிறது. பேய் வரக் காரணமே இல்லாத நேரத்திலும் அது நடக்கிறதா? நடந்தால் அது பேய் இல்லை. "கூப்பிட்டா வருதுன்னு எல்லாரும் சொல்லுவான். கூப்பிடாதப்ப வரலியான்னு எவன் பாத்தான்?" என்று கேட்பார்.

காட்கி பக்கம் ஒரு பழைய பங்களாவில் காவலாளியின் மனைவி நம் ஊர்க்காரம்மா. மத்தியானம் ஆனால் கூரைமேல் யாரோ நடக்கிறார்கள் என்று அந்தம்மா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தாள். போனோம். உச்சிவெயிலில் நிஜமாகவே டக் டக்கென்று யாரோ நடந்தார்கள். நான் எலுமிச்சை சாத டப்பாவை மூடிவிட்டேன். இவர் தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து தகரக் கூரையில் தண்ணீர் பீய்ச்சினார். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கூரை குளிரக் குளிர, நடந்து போனவர் திரும்பி வருவதுபோல் மறுபடியும் டக் டக். "சூட்டுல விரியுது, குளிர்ல சுருங்குது. அவ்ளோதாம்மா" என்று அந்தம்மாவுக்கு விளக்கிவிட்டு, ஸ்கூட்டரை உதைக்கும்போது என்னிடம், "ரிஜெக்ட்" என்றார்.

இப்படியே எத்தனையோ வீடுகள். சாயங்காலத்தில் ஆடுகிற ஊஞ்சல், பூட்டின அறையில் வருகிற மல்லிகை வாசனை, தானாகத் திறக்கிற பீரோ. எல்லாமே ரிஜெக்ட்தான். தெரிந்தவர்களெல்லாம் அவரைப் பேய்க்கு எதிரி என்றே நினைத்திருந்தார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் ஓய்வு பெற்ற பிறகு, விமான் நகரில் ஐடி வேலை பார்க்கும் சிலர் ஒரு கூட்டமாகச் சேர்ந்து பேய் தேடுகிறார்கள், வீடியோ எடுத்துப் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, தானும் வருகிறேன் என்று அவர்களோடு ஒட்டிக்கொண்டார். பிம்ப்ரியில் ஒரு காலி வீட்டுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அவர்களிடம் மின்காந்தம் காட்டுகிற மீட்டர் இருந்தது. ஒரு சுவர் பக்கம் கொண்டுபோனதும் அது சிவப்பு விளக்கெரிந்து கத்தியது. அப்போது நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். என் பெண் பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த முகம் அது. வாய் லேசாகத் திறந்து, கண் கலங்கி, உள்ளே போகலாமா கூடாதா என்று நிற்கிற முகம். பிறகு அவரே பக்கத்து வீட்டுக்குப் போய், சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த இன்வெர்ட்டரைக் காட்டி, நிறுத்தச் சொன்னார், மீட்டரும் அடங்கியது. அந்தப் பிள்ளைகள் சிரித்தார்கள். கொஞ்சம் வருத்தமும் பட்டார்கள். வீடியோவில் அவர் வருகிற பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் போட்டார்கள். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து கேட்டேன். "நெசமா சொல்லுங்க. பேய் இல்லேன்னு காட்டத்தான் போறீங்களா?"

"அது எதுக்கு? இல்லேன்னு காட்டி எனக்கென்ன ஆவப்போது?" என்றார். அப்புறம் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "எங்கம்மா செத்தப்ப நான் தவழுற புள்ள. மொகமே ஞாபகமில்ல. ஒண்ணே ஒண்ணு, தட்டிக் கழிக்க முடியாம ஒண்ணு கெடச்சா போதும்னு பாக்குறேன்" என்றார்.

அதன்பிறகு அவர் ரிஜெக்ட் என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

போன வருடம் மழைக்காலம் தொடங்குவதற்கு முன் அவர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. காலையில் பால் வாங்கி வந்தார், மத்தியானம் ஆஸ்பத்திரி, சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. விமான் நகர்ப் பிள்ளைகள் துக்கம் கேட்க வந்தார்கள். கிளம்பும்போது அவர்களில் ஒருவன் தயங்கித் தயங்கி, "ஆன்ட்டி, வீட்டை ஒருமுறை மீட்டர் வைத்துப் பார்க்கட்டுமா?" என்று இந்தியில் கேட்டான். வேண்டாம்பா என்றேன். அவன் லிஃப்டுக்குள் நுழைகிற வரைக்கும், கூப்பிட்டுவிடலாமா என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு வருடமாக இந்த வீட்டில் என்னென்னவோ நடந்தது. துணி பீரோவைத் திறந்தால் அவருடைய தலை எண்ணெய் வாசனை. பார்த்தால் பாட்டில் மூடி தளர்ந்திருந்தது. வாசல் மணி அடிக்கும், போய்ப் பார்த்தால் யாருமில்லை. மழை ஈரம் சுவிட்சுக்குள் இறங்கியிருந்தது. ஒவ்வொன்றையும் நானே விசாரித்து நானே தள்ளினேன். அவரிடம் இத்தனை வருடம் குப்பை கொட்டியவளுக்கு வேறு எப்படிப் பார்க்க வரும்? ஆனால் வாசல் மணியைச் சரிசெய்ய மட்டும் ஆளைக் கூப்பிடவில்லை. அது அடித்தால் ஓடிப்போய்ப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

வருஷம் திரும்பியதும் திதிக்கு அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, குடியாத்தத்திலிருந்து வந்தார். குட்டையான ஆள், குரல் மட்டும் பெரிசு. அவர்கள் வழக்கப்படி, இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் ஓர் அறையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். வந்து சாப்பிட்டுப் போக நேரம் கொடுத்து, பிறகு கதவைத் தட்டிவிட்டுத்தான் திறக்க வேண்டும். பக்கத்தில் ஒரு தாம்பாளத்தில் அரிசி மாவை மெல்லிசாகப் பரப்பி வைப்பார்கள். வந்தவர் அதில் தடம் வைத்துவிட்டுப் போவாராம்.

கறிக்குழம்பு, முட்டை, சீவல், பீடிக்கட்டு என்று அண்ணி வரிசையாக வைத்தார். நான் போய் முனைக்கடையில் வடா பாவ் வாங்கி வந்து இலையில் வைத்தேன்.

"இன்னாம்மா இது, ரொட்டிக்குள்ள வடைய வெச்சிக்கினு?"

"இதுக்குத்தான் அண்ணி அவர் வருவார். உங்க கொழம்புக்கு வர மாட்டார்."

அண்ணி முறைத்தார். பிறகு அவரே அதை இலையின் நடுவுக்கு நகர்த்தினார்.

என் பெண் விமான் நகரில் ஒரு ஹோட்டலில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள், தோழிகளோடு அங்கேயே தங்கியிருக்கிறாள். அன்றைக்கு அரை நாள் விடுப்பு போட்டு வந்திருந்தாள். அப்பா பிள்ளை அவள். தமிழில் நாலு வார்த்தை பேசினால் அஞ்சாவது இந்தியில் போய் நிற்கும். மூன்று பேரும் ஹாலில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி எழுந்து கதவைத் தட்டினார். "தம்பி, தொறக்கிறோம்ப்பா" என்றார். திறந்தார்.

தாம்பாளத்தில் மாவு நடுவிலிருந்து விலகி, ஒரு பக்கமாக வளைந்து ஒதுங்கியிருந்தது. குதிகாலை அழுத்தி எடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி.

"தோ பாரும்மா! எந்தம்பி வந்து பூட்டுக்கீறான்!" என்று அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். என் பெண் தாம்பாளத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அம்மா, அது அப்பாவா? பக்காவா சொல்லு."

எங்கள் கட்டடம் கசார்வாடியில் ரயில் தண்டவாளத்தை ஒட்டியது. சரக்கு ரயில் போனால் ஜன்னல் கண்ணாடியும் ஷெல்ஃபில் இருக்கிற டம்ளர்களும் பேசிக்கொள்ளும். இந்தச் சத்தத்திலேயே வாழ்ந்து, ரயில் போகிறதா இல்லையா என்றே தெரியாமல் போய்விட்டது எங்களுக்கு. எவர்சில்வர் தாம்பாளம், மெல்லிசாகப் பரப்பிய மாவு, அதிர்கிற தரை. பார்த்த அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்துவிட்டது என்பது வேறு, பார்த்துவிட்டேன் என்பது வேறு. அவர் அப்படித்தான் சொல்லுவார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் அண்ணி கோயிலுக்குப் போன நேரத்தில், அதே அறையில், அதே இடத்தில், அதே தாம்பாளத்தில் மாவைப் பரப்பினேன். மின்விசிறியை நிறுத்தினேன், ஜன்னலைச் சாத்தினேன். படையல் இல்லை, விளக்கு இல்லை. அவரைக் கூப்பிடவும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு ஹாலில் வந்து உட்கார்ந்தேன்.

என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை. பெண்ணின் பரீட்சைக்கோ, அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதோகூட இல்லை. ஆஸ்பத்திரியில் வேண்டிக்கொள்ள நேரமே கிடைக்கவில்லை. இப்போது உட்கார்ந்து வேண்டினேன். கோயில், சாமி என்று போகாதவள், யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டேன். மாவு கலையாமல் இருக்கட்டும். பரப்பினது பரப்பினபடி இருக்கட்டும். இன்றைக்கு ஒன்றும் இல்லையென்றால் நேற்று வந்தது அவர். அவர் வைத்த விதிப்படியே அவர். தட்டிக் கழிக்க முடியாத ஒன்று.

சரக்கு ரயில் ஒன்று போனது. காதைப் பொத்திக்கொண்டேன். நான் கேட்காவிட்டால் அது போகாத மாதிரி ஆகிவிடுமா என்ன.

நேரம் போதும் என்று எழுந்தேன். கதவருகே போனதும் என் கை தானாகவே கதவைத் தட்டியது. யாரையும் கூப்பிடாமல் மூடின அறை. அதைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. தட்டியது மட்டுமில்லை, தட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன்.

திறந்தேன். மாவு நேற்றைப் போலவே ஒரு பக்கமாக ஒதுங்கி வளைந்திருந்தது. வளைவு கொஞ்சம் சின்னதாக இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அண்ணி கோயில் விபூதியோடு உள்ளே வந்தவர், என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தார். "அய்யய்ய, இன்னிக்குமா? இன்னிக்கு நாம கூப்புடவே இல்லியே! கூப்புடாமலே வந்துக்கீறான் பாரு, உம்மேல எவ்ளோ பாசம் அவனுக்கு!" என்று என் நெற்றியில் விபூதியை இழுத்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் இதை எதற்காக வைத்தேனோ அது அத்தனையும் அண்ணி ஒரே மூச்சில் தலைகீழாகப் புரட்டிவிட்டார். சிரிக்கச் சிரிக்க அழுகை வந்தது. அண்ணி ஒன்றும் புரியாமல் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். இதை என் வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும், அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு உடம்பெல்லாம் தவித்தது. வேறு எவரிடம் சொன்னாலும் அது விளங்காது.

சாயங்காலம் பெண் போன் செய்தாள். "பாத்தியா?"

"பாத்தேன். சரக்கு ரயில்டி."

"மத்லப், அப்படின்னா ரிஜெக்ட்?"

"ரிஜெக்ட்தான்."

அந்தப் பக்கம் ஹோட்டலில் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, ஒரே ஒரு பீஸ் பாத்துட்டு அப்பா மொத்த லாட்டையும் ரிஜெக்ட் பண்ணுவாரா?"

"மாட்டார்."

"தோ ஃபிர்? அப்புறம் என்ன? இன்னொரு தடவை வை. நாளைக்கு எனக்கு லீவ். நான் வந்து பாக்குறேன். நான் வர்ற வரைக்கும் கதவைத் திறக்காதே."

அவளுக்கும் ரயில் தெரியும். இந்த வீட்டிலேயே வளர்ந்தவள். இருந்தாலும் கேட்டாள். நானும் சரி என்றேன்.

அடுத்த நாள் காலையில் சமையலை முடித்துவிட்டு மாவைப் பரப்பினேன். அண்ணி வடா பாவ் வாங்கி வரட்டுமா என்று கேட்டார். "இன்னைக்கும் படையல் இல்ல அண்ணி, சும்மாதான்" என்றேன். கதவைச் சாத்தி, அதன் எதிரே சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தேன். அண்ணி கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு சோபாவில் படுத்துத் தூங்கிப் போனார்.

உட்கார்ந்திருக்கும்போதுதான் நேற்று நான் செய்ததில் இருந்த ஓட்டை எனக்குத் தெரிந்தது. கூப்பிடாமல் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டேனே, கூப்பிடாத நேரம் என்று எனக்கு ஏது? பால் பொங்கும்போது கூப்பிடுகிறேன். ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் கூப்பிடுகிறேன். மாவைப் பரப்பும்போதே, ஏங்க, இப்படிப் பரப்பினால் போதுமா என்று கேட்டுக்கொண்டுதான் பரப்பினேன். இந்த ஒரு வருடத்தில் நான் அவரைக் கூப்பிடாமல் இருந்த ஒரு மணி நேரத்தை யாராவது காட்டட்டும். அந்த இரண்டாவது கேஜை நான் எங்கே போய்த் தேடுவது?

பெண் வந்தாள். மெட்ரோவில் வண்டி மாறி வந்து, நிலையத்திலிருந்து வேகமாக நடந்திருப்பாள், மூச்சு வாங்கியது. பையைக்கூட இறக்காமல் கதவின் முன்னால் நின்றாள்.

"திறக்கலியே?"

"இல்ல."

"அம்மா, நீ அப்பாவைக் கூப்பிட்டியா, கூப்பிடலியா? சரியா சொல்லு. இல்லாட்டி டெஸ்டுக்கு அர்த்தமே இல்ல." அவள் குரல் அப்படியே அவர் குரல், அந்த அதட்டல் உட்பட.

"வாயால கூப்பிடல" என்றேன். "அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

தாழ்ப்பாள்வரை போயிருந்த அவள் கை கீழே இறங்கியது. பையைக் கழற்றி வைத்துவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தலையை என் தோளில் சாய்த்தாள்.

"அப்போ இந்த டெஸ்டும் போச்சும்மா" என்றாள். "மெட்ரோல ஏறினதுலேர்ந்து நானும் கூப்பிட்டுக்கிட்டேதான் வந்தேன்."